உப்புக் கரைசலுக்கு உங்கள் படிவத்தில் இடம் உண்டா?

பேரிடர் நிவாரண ஆராய்ச்சிக்கும் புதுமுயற்சிகளுக்கும் நிதி ஒதுக்கும் தேர்வுக்குழுக்களின் உறுப்பினர்களுக்கு,

ஜெனீவாவிலும் லண்டனிலும் இருந்து உலக நிதியைப் பகிர்ந்தளிப்பவர்களுக்கும், மும்பையிலும் பெங்களூரிலும் தொழில் நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாள்பவர்களுக்கும் பொதுவாகவே இந்த மடல் எழுதப்படுகிறது. ஊர் வேறானாலும் நடைமுறை ஒன்றுதான். புயலோ போரோ நிலநடுக்கமோ வருகிறது. சில மாதங்கள் கழித்து நீங்கள் ஓர் அறிவிப்பு வெளியிடுகிறீர்கள். எதை ஆராய வேண்டும் என்பது அதிலேயே எழுதப்பட்டிருக்கிறது. தொலைவில் உள்ள ஒரு பெரிய பல்கலைக்கழகம் விண்ணப்பிக்கிறது. பாதிக்கப்பட்ட ஊரில் இருக்கும் சிறு அமைப்பு ‘உள்ளூர்க் கூட்டாளி’ என்ற பெயரில் கடைசிப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது. வீடு வீடாகப் போய்க் கேள்வித்தாளை நிரப்பிக் கொடுப்பது அதன் வேலை. அறிக்கை வெளிவரும்போது நன்றியுரையில் அதன் பெயர் இருக்கும், பல நேரம் எழுத்துப்பிழையோடு.

இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள் என்பதே கோரிக்கை. எதை ஆராய்வது என்று தீர்மானிக்கும் அதிகாரமும் அதற்கான பணமும், துயரம் நடக்கும் இடத்தில் இருப்பவர்களிடம் முதலில் போய்ச் சேரட்டும். இரக்கப்பட்டுக் கொடுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நிவாரணப் பணியில் உயிர் காத்த பெரிய கண்டுபிடிப்புகள் எங்கே, யார் கையில் உருவாயின என்று பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

1971 ஜூன். கிழக்குப் பாகிஸ்தானின் கொடுமைகளுக்குத் தப்பி இந்தியாவுக்குள் வந்தவர்களின் தொகை அந்த ஆண்டுக்குள் ஒரு கோடியைத் தொட்டது. மேற்கு வங்கத்தின் எல்லை ஊரான பன்காவில் லட்சக்கணக்கானோர் முகாம்களில் இருந்தார்கள். மழைக்காலத்தோடு காலராவும் வந்தது. அங்கிருந்த மருத்துவமனையில் காலரா நோயாளிகளுக்கென்று இருந்தவை 2 அறைகள், 16 படுக்கைகள். மீதிப் பேர் தரையில் கிடந்தார்கள். கல்கத்தாவிலிருந்து போன குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ், டிரிப்ஸ் ஏற்றுவதற்கு அந்தத் தரையில் வாந்திக்கும் பேதிக்கும் நடுவே மண்டியிட வேண்டியிருந்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். டிரிப்ஸ் பாட்டில்கள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தன. பாட்டில் இருந்தாலும் நரம்பில் ஊசி ஏற்றத் தெரிந்த ஆட்கள் போதவில்லை.

அவர் செய்தது இதுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. கல்கத்தாவில் அவர் வேலை பார்த்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வு மையத்தின் நூலக அறை பொட்டலம் கட்டும் கூடமாக மாறியது. பாலிதீன் பைகளில் அளந்து போட்டு, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி, பன்காவுக்கு அனுப்பினார்கள். அங்கே குழாய் வைத்த டிரம்களில் கரைசல் கலக்கப்பட்டது. நோயாளியின் அம்மாவோ அண்ணனோ டம்ளரில் பிடித்துப் போய் வாயில் ஊற்றினார்கள். மருத்துவப் பணியாளர்கள் செய்ய முடியாததை உறவினர்கள் செய்தார்கள். ஏறக்குறைய 30 சதவீதமாக இருந்த இறப்பு, இந்தச் சிகிச்சை பெற்ற 3,000-க்கும் மேற்பட்டவர்களிடையே 3.6 சதவீதமாக இறங்கியது.

இப்போது உங்கள் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு மகலனாபிஸுக்கு மதிப்பெண் போட்டுப் பாருங்கள். ஒப்பீட்டுக் குழு உண்டா? கிடையாது, பாதிப் பேருக்குக் கரைசலைக் கொடுக்காமல் விட்டு என்ன நடக்கிறது என்று பார்க்க அவரால் முடியவில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், 18 மாதத் திட்ட அட்டவணை, இடர் மதிப்பீட்டு அணி, எதற்கும் நேரம் கிடையாது. ஆய்வுக்கட்டுரை 1973-இல்தான் அச்சேறியது. 1978-இல் ‘லான்செட்’ தலையங்கம், இந்தக் கரைசலுக்கு அடிப்படையான கண்டுபிடிப்பு அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மகலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். பத்ம விபூஷண் அதற்கடுத்த ஆண்டுதான் வந்தது.

உள்ளூர்க்காரர் நல்லவர், வெளியூர்க்காரர் கெட்டவர் என்ற கதையாக இதைத் திரிக்க வேண்டியதில்லை. பன்காவுக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1968-இல், டாக்கா ஆய்வகத்தில் இந்தக் கரைசல் வேலை செய்யும் என்று காட்டியவர்கள் டேவிட் நளின், ரிச்சர்ட் கேஷ் என்ற இளம் அமெரிக்க மருத்துவர்கள். அவர்களோடு ரஃபீகுல் இஸ்லாம், மஜீத் மொல்லா ஆகிய வங்காளிகளும் இருந்தார்கள். ஆய்வகத்துக்கு வந்த பணத்தில் பெரும்பங்கு வெளிநாட்டுப் பணம். அதில் குறையொன்றும் இல்லை. ஆய்வகம் காலரா இருக்கும் இடத்தில் இருந்தது. கேள்வி நோயாளியின் படுக்கையோரத்தில் எழுந்தது. பணம் அந்தக் கேள்வியின் பின்னால் போனது. பன்காவில் என்ன செய்வது என்ற முடிவும் பன்காவில் இருந்தவராலேயே எடுக்கப்பட்டது. இந்த மடல் கேட்பதும் இந்த ஏற்பாடுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1953-லேயே ஹேமேந்திரநாத் சட்டர்ஜி என்ற கல்கத்தா மருத்துவர், காலரா நோயாளிகளுக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை வாய்வழியே கொடுத்துக் குணமாக்கியதை அதே ‘லான்செட்’ இதழில் எழுதியிருந்தார். 186 நோயாளிகள். கட்டுரை அச்சானது, மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. முறைப்படி ஒப்பிட்டுக் காட்டவில்லை என்ற குறை அதில் இருந்தது உண்மைதான். அந்தக் குறையைத் தீர்க்க அவருக்கு ஓர் ஆய்வகமும் மூன்றாண்டுப் பணமும் கொடுக்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது. இடைப்பட்ட 15 ஆண்டுகளில் பேதியில் போன குழந்தைகளை யாரும் எண்ணி வைத்திருக்கப்போவதில்லை.

கரைசல் கண்டுபிடிக்கப்பட்டதோடு கதை முடிந்துவிடவும் இல்லை. அதற்குப் பிறகு வங்கதேசத்தில் நடந்ததைத்தான் உங்களில் ஒவ்வொருவரும் ஊன்றிப் படிக்க வேண்டும். போரும் அகதிகளின் திரும்புதலும் முடிந்த 1972-இல் ஃபசல் ஹசன் அபேத் தொடங்கிய பிராக் அமைப்பு, நிவாரணத்துக்காகவே பிறந்தது. 1980 முதல் பத்தாண்டுகளில் அதன் பெண் பணியாளர்கள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு நடந்து போய், வீட்டிலேயே கரைசல் செய்யும் முறையைத் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பொட்டலம் கிடையாது. மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர் தண்ணீர். அளவு தவறினால் ஆபத்து என்பதால் தாய்மார்கள் கலக்கியதிலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்தார்கள். பணியாளரின் சம்பளமே ஒரு சோதனையோடு கட்டப்பட்டிருந்தது: சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், சொல்லிக்கொடுத்தது தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்குகிறாரா என்று பார்ப்பார். அதற்கேற்பத்தான் கூலி.

தேர்வில் தாய்மார்கள் நன்றாகவே தேறினார்கள். ஆனால் குழந்தைக்குப் பேதி வந்தபோது கரைசலைக் கொடுத்தவர்கள் மிகச் சிலர். வேறோர் அமைப்பாக இருந்திருந்தால் ‘இத்தனை லட்சம் தாய்மார்களுக்குப் பயிற்சி’ என்று பளபளப்பான அறிக்கை போட்டு முடித்திருக்கும். பிராக் உட்கார்ந்து காரணம் தேடியது. சொல்லிக்கொடுத்த பணியாளர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை, தங்களுக்குப் பேதி வந்தால் மாத்திரையைத் தேடினார்கள் என்று தெரிந்தது. வீட்டு ஆண்களிடம் யாரும் பேசியிருக்கவில்லை, அவர்கள் இதைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள் என்பதும் தெரிந்தது. பணியாளர்களை டாக்கா காலரா மருத்துவமனைக்கு அழைத்துப் போய், சாகக் கிடந்தவர் கரைசல் குடித்து எழுந்து உட்காருவதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். பள்ளிவாசலிலும் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் ஆண்களைக் கூட்டிப் பேசினார்கள். பயன்பாடு ஏறியது. வாய்வழிக் கரைசலை மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்றாக இன்று வங்கதேசம் இருப்பதற்கு இந்த வேலைதான் அடித்தளம்.

இதை எந்த வகையில் சேர்ப்பீர்கள்? புதுக் கருவி ஏதும் இல்லை. காப்புரிமை இல்லை. செயலி இல்லை. தன் தோல்வியைத் தானே அளந்து, தானே திருத்திக்கொண்ட ஓர் அமைப்பு மட்டும் இருந்தது. அப்படி அளந்து பார்க்கும் திறனுக்குத்தான் உங்கள் நிதியில் ‘இதர செலவு’ என்ற தலைப்பில்கூட இடம் கிடைப்பதில்லை.

ஆப்பிரிக்காவில் இதே கதை இன்னும் கசப்பாக நடந்தது. 1976-இல் இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசின் யம்புக்கு என்ற ஊரில் பெயர் தெரியாத கொடிய காய்ச்சல். அங்கே போய் நோயாளிகளைத் தொட்டுப் பார்த்து இரத்தம் எடுத்தவர் ஜான்-ஜாக் முயெம்பே என்ற காங்கோ மருத்துவர். அந்த இரத்தம் பெல்ஜியத்துக்குப் போனது. எபோலாவைக் கண்டுபிடித்தவர்கள் என்ற பெயர் நீண்ட காலம் ஐரோப்பிய, அமெரிக்க ஆய்வாளர்களுக்கே இருந்தது. 1995-இல் கிக்விட் நகரில் மறுபடி எபோலா. பிழைத்தவர்களின் இரத்தத்தை 8 நோயாளிகளுக்கு ஏற்றிப் பார்த்தார் முயெம்பே. 7 பேர் பிழைத்தார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லை என்று அந்த முடிவும் ஒதுக்கப்பட்டது. பன்காவில் கேட்ட அதே கேள்வி.

முயெம்பே விடவில்லை. கிக்விட்டில் பிழைத்த ஒருவரின் இரத்தத்திலிருந்தே பிற்பாடு அமெரிக்க ஆய்வாளர்களோடு சேர்ந்து ஓர் எதிர்ப்பொருள் மருந்து உருவானது. 2018-19-இல் கிழக்குக் காங்கோவில், சிகிச்சை மையங்களே தாக்கப்பட்டு எரிக்கப்பட்ட நாட்களில், நான்கு மருந்துகளை ஒப்பிடும் முறையான சோதனையை அவர் தலைமையிலான காங்கோ ஆய்வு நிறுவனம் அமெரிக்க நிறுவனத்தோடு இணைந்து நடத்தியது. இரண்டு மருந்துகள் தெளிவாக வென்றன. அவற்றில் ஒன்று அந்தக் கிக்விட் மருந்து. போர்க்களத்தில் தரமான ஆய்வு நடத்த முடியாது என்று இனி யாராவது சொன்னால் இந்தச் சோதனையைக் காட்டலாம். எபோலா மாதிரிகளை இனி நாட்டுக்கு வெளியே அனுப்பாமல் காங்கோவிலேயே வைத்து ஆராய வேண்டும் என்றும் அவர் அறிவித்தார். 1976-இல் தொடங்கிய ஒரு கணக்கு தீர அத்தனை காலம் ஆயிற்று.

தமிழ்க் கடற்கரைக்கு வருவோம். 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்ட அன்று, புதுச்சேரியின் நல்லவாடு மீனவக் கிராமத்தில் ஏறக்குறைய 3,600 பேரும் உயிர் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின. சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் ஓடிப்போய் அறிவு மையத்தின் கதவை உடைத்து, அங்கிருந்த ஒலிபெருக்கியில் எல்லோரையும் கரையை விட்டு ஓடச் சொன்னார்கள்.

அந்த ஒலிபெருக்கி அங்கே எப்படி வந்தது என்பதைக் கவனியுங்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் கனடா நாட்டு நிதியுதவியோடு புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களைத் தொடங்கியபோது, முதலில் ஊர் ஊராகப் போய் ‘உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?’ என்று கேட்டது. விவசாயக் கிராமங்கள் விலையும் அரசுத் திட்டமும் கேட்டன. மீனவர்கள் கேட்டது, நாளைக்குக் கடலில் அலை எவ்வளவு உயரம் என்பது. இணையத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, கடலுக்குப் போகுமுன் ஒலிபெருக்கியில் வாசிக்கும் வழக்கம் அப்படித்தான் வந்தது. சுனாமியை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அன்றாடப் பிழைப்புக்காக மீனவர்கள் கேட்டு வாங்கிய ஒன்று, பேரலை வந்த காலையில் கை கொடுத்தது. ‘சுனாமி முன்னெச்சரிக்கைக் கருவி’ என்று விண்ணப்பித்திருந்தால் 1998-இல் எந்தக் குழுவும் ஒரு ரூபாய் கொடுத்திருக்காது.

அலை வடிந்த பிறகு நடந்ததும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். லாரி லாரியாக வந்த பழைய துணிகள் நாகையின் சாலையோரங்களில் குவிந்து கிடந்து மழையில் நனைந்து மக்கின. தார் அட்டையில் போட்ட தற்காலிகக் குடியிருப்புகள் சித்திரை வெயிலில் அடுப்பாகக் கொதித்தன. படகு கொடுப்பதில் போட்டி வந்து, அவசரத்தில் முளைத்த பட்டறைகள் தரமில்லாத ஃபைபர் படகுகளைச் செய்து தள்ளின. சில இடங்களில் சுனாமிக்கு முன்னிருந்ததைவிடப் படகுகள் பெருகின. மீன் பெருகவில்லை. கணக்கெடுக்க வந்த குழுக்களுக்கும் குறைவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் வாரத்துக்கு ஒரு கேள்வித்தாள் வந்தது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில், 2005 ஜனவரியின் முதல் நாட்களிலேயே நாகையில் ஸ்நேகா என்ற தொண்டு நிறுவனமும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை உருவாக்கின. எந்த ஊரில் எந்த அமைப்பு வேலை செய்கிறது, எந்த ஊர் விடுபட்டது, எங்கே எது தேவை என்று ஊர்வாரியாகப் பதிவு செய்தார்கள். பார்க்கச் சாதாரணமான வேலை. நாகையில் அன்று அதைவிடப் பயனுள்ள ஆராய்ச்சி வேறெதுவும் நடக்கவில்லை என்றே சொல்லலாம். 2006-இல் வெளிவந்த சர்வதேச கூட்டு மதிப்பீடும், முதல் நாட்களில் உயிர்களைக் காத்தது உள்ளூர் மக்களே, பொறுப்பை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியது. மதிப்பீட்டை எழுதச் சொல்லிப் பணம் கொடுத்தவர்களில் உங்கள் அமைப்புகளும் உண்டு.

பாக் நீரிணைக்கு அப்பால், யாழ்ப்பாணத்தில், கேள்வியே வேறாக இருந்தது. சுனாமிக்குப் பிறகு மன அதிர்ச்சிக்குச் சிகிச்சை தர வெளிநாட்டு ஆலோசகர்கள் இலங்கையில் வந்து இறங்கினார்கள். கையில் தனிமனிதரின் அறிகுறிகளைக் குறிக்கும் பட்டியல்: தூக்கம் வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா. யாழ் மருத்துவபீடத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே போரின் நடுவில் வேலை செய்துகொண்டிருந்தார். பலமுறை இடம்பெயர்ந்து, ஊரும் உறவும் கோயிலும் சிதறிப்போன சமூகத்தில், காயம் தனியாளின் தலைக்குள் மட்டும் இல்லை, குடும்பத்திலும் ஊரிலும் இருக்கிறது என்று அவர் எழுதினார். கூட்டு மனவடு என்ற அந்தக் கருத்தை 2007-இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார். சிகிச்சையும் அதற்கேற்ப மாறியது. ஆசிரியர்களையும் கிராம ஊழியர்களையும் பயிற்றுவிப்பது, மனதை அமைதிப்படுத்தும் பயிற்சியை இந்துவுக்கு ஓங்காரமாகவும் கிறிஸ்தவருக்குச் செபமாலையாகவும் இஸ்லாமியருக்குத் திக்ராகவும் அவரவர் வழியில் கொடுப்பது, உடல் கிடைக்காத மரணங்களுக்குச் சடங்கு நடத்தி அழ இடம் தருவது. செத்தவீட்டில் கூடி ஒப்பாரி வைப்பதன் பயனை யாழ்ப்பாணத்துக்காரருக்கு வெளியாள் வந்து விளக்க வேண்டியதில்லை. அதை ஆய்வாக எழுதி உலக இதழில் நிறுத்த ஒரு பல்கலைக்கழகத் துறை அங்கே இருந்தது என்பதே முக்கியம். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ அப்படி ஒரு துறை அன்று இருக்கவில்லை.

‘உள்ளூர்’ என்பதைப் புனிதமாக்கும் வேலையையும் யாரும் செய்ய வேண்டாம். சுனாமி நிவாரணத்தில் தலித் குடும்பங்களும் இருளர்களும் விடுபட்டார்கள், சில இடங்களில் முகாமுக்குள்ளேயே விலக்கப்பட்டார்கள் என்பது அன்றே மனித உரிமை அமைப்புகளால் பதிவு செய்யப்பட்டது. மீனவப் பஞ்சாயத்து வலுவாக இருந்த இடத்தில் நிவாரணம் ஒழுங்காகப் பங்கிடப்பட்டது; அந்தப் பஞ்சாயத்தில் இடமில்லாத விதவைக்கும் கூலித் தொழிலாளிக்கும் அதே ஒழுங்கு கதவடைத்தது. ஆகவே ஊரில் ஓர் அமைப்பிடம் காசோலையைக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போக முடியாது. அந்த ஊரில் யார் கேள்வி கேட்க முடியாமல் இருக்கிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். வெளியாளுக்கு ஒரு நல்ல வேலை உண்டென்றால் அதுதான்.

இனி பணக் கணக்கு. 2016 மே மாதம் இஸ்தான்புல் உச்சிமாநாட்டில் பெரிய கொடையாளர்களும் நிவாரண நிறுவனங்களும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். 2020-க்குள் நிவாரண நிதியில் 25 சதவீதத்தை முடிந்தவரை நேரடியாக உள்ளூர், தேசிய அமைப்புகளுக்குக் கொடுப்பதாக வாக்கு. கெடு முடிந்தபோது நேரடியாகப் போய்ச் சேர்ந்த பங்கு 5 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. பிறகும் எட்டவில்லை. இது அரிசிக்கும் தார்ப்பாய்க்கும் சேர்த்த கணக்கு. ஆராய்ச்சிக்கும் புதுமுயற்சிக்கும் ஒதுக்கும் பணத்தின் பெரும்பங்கு பணக்கார நாடுகளின் பல்கலைக்கழகங்களையும் நிறுவனங்களையும் தாண்டுவதில்லை.

‘உள்ளூர் அமைப்புகளுக்குக் கணக்கு வைக்கத் தெரியாது’ என்ற வழக்கமான பதில் வரும். சூடானைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 15 அன்று போர் வெடித்து வெளிநாட்டு ஊழியர்கள் கார்ட்டூமை விட்டு வெளியேறிய பிறகு, தெருத்தெருவாக இளைஞர்கள் அவசர உதவிக் குழுக்களை அமைத்தார்கள். பொதுச் சமையலறை நடத்தினார்கள், மருத்துவமனைக்கு டீசல் தேடினார்கள், குண்டு விழும் பகுதிகளிலிருந்து மக்களை வெளியேற்றினார்கள். வெளிநாட்டிலிருக்கும் சூடானியர்கள் கைப்பேசி வங்கிச் செயலி வழியே பணம் அனுப்பினார்கள். வங்கிக் கிளைகள் மூடிக் கிடந்த நாட்டில் அதுவே நிவாரணத்தின் நிதித்துறை. 2024 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு துண்டிக்கப்பட்டபோது சமையலறைகள் நின்றன. 2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசின் உதவி நிறுத்தப்பட்டபோது இன்னும் நிறைய அடுப்புகள் அணைந்தன. அந்தக் குழுக்களுக்கு 2025-இல் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. விருது கொடுக்க முடிந்த உலகத்துக்கு, எந்த அடுப்பு எத்தனை பேரை எந்தச் செலவில் காப்பாற்றியது என்று அவர்களே ஆராய்ந்து எழுத ஒரு சிறு நிதி கொடுக்கவா முடியாது?

இந்த மடல் கேட்பவை பெரியவை அல்ல. பணத்தின் ஒரு பகுதியைப் பேரிடருக்கு முன்பே கொடுங்கள். சுனாமிக்கு முன்னரே வந்த பணம்தான் நல்லவாட்டில் ஒலிபெருக்கியானது. திட்டச் செலவு மட்டும் தருவோம், வாடகையும் சம்பளமும் தரமாட்டோம் என்ற விதியை நீக்குங்கள். கணக்கர் இல்லாத அமைப்பிடம் கணக்கு கேட்பது அபத்தம். விண்ணப்பத்தைத் தமிழிலும் வங்க மொழியிலும் அரபியிலும் ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத வராதவர் பேசிப் பதிந்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்புச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும், உங்களுக்குத்தான் அந்த மொழி தெரியாது. தலைமை ஆய்வாளர் பாதிக்கப்பட்ட நாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும், தரவும் அந்நாட்டிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுங்கள். அருகிலுள்ள அரசுக் கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் நெறிமுறைக் குழு அமைக்க உதவுங்கள். அது இல்லாததைக் காட்டி அவர்களை ஒதுக்குவதைவிட அது மலிவு. பிராக் செய்ததுபோல் ‘எங்கள் முயற்சி பலிக்கவில்லை, காரணம் இது’ என்று எழுதி வரும் அறிக்கைக்கு அடுத்த ஆண்டின் நிதியை மறுக்காதீர்கள். முடிவுகளை முதலில் கேள்விகளுக்குப் பதில் சொன்ன ஊருக்குப் போய்ச் சொல்லுங்கள். கருத்தரங்கு அப்புறம் இருக்கட்டும்.

நிதி சுருங்குகிறது என்பீர்கள். சுருங்குகிறதுதான். பன்காவில் மண்டியிட்ட மருத்துவரிடம் இருந்ததும் மிகக் கொஞ்சம். பணம் குறையும்போது தொலைவிலிருந்து வரும் ஆலோசகரின் விமானச் சீட்டிலும் விடுதி வாடகையிலும் முதலில் கை வையுங்கள்.

அடுத்த அறிவிப்பின் வரைவு இந்நேரம் உங்கள் மேசையில் இருக்கும். அதை வெளியிடும் முன் நாகப்பட்டினத்துக்கும் மட்டக்களப்புக்கும் காக்ஸ் பஜாருக்கும் கார்ட்டூமுக்கும் அனுப்பி, இதில் எந்தக் கேள்வி விட்டுப்போயிருக்கிறது என்று கேளுங்கள். பதில் எழுத அவர்கள் செலவிடும் நேரத்துக்குக் கூலியும் கொடுங்கள்.